வாசகர் கேள்வி பதில்: முட்டு வருத்தத்துக்கு ஈரக்காற்று மெசின் வேணுமா?

போன இதழில் பிள்ளைகளின் முட்டு வருத்தத்தை, அதாவது ஆஸ்மாவைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹியூமிடிஃபையரைப் பற்றித்தான் கேட்கின்றன. தண்ணீரை விட்டு பிளக்கைக் குத்தினால் வெள்ளைப் புகை மாதிரி ஈரக்காற்றை ஊதுமே, அந்தச் சாமான். வெளிநாட்டிலிருந்து வருகிற சூட்கேசுகளில் சொக்கிலேற்றோடு இதுவும் வரத் தொடங்கிவிட்டது போல. ஆகவே இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, சின்னனிலிருந்தே முட்டு. கனடாவில் இருக்கும் தங்கச்சி, தன் பிள்ளைக்கும் இதே வருத்தம் என்றும் அங்கே டொக்டர் சொல்லி வாங்கினது என்றும் ஒரு ஹியூமிடிஃபையரை ஆள் வசம் அனுப்பியிருக்கிறாள். இரவு யன்னல்களைப் பூட்டிவிட்டு அதைப் போடுகிறோம். முதலில் நல்லாயிருந்த மாதிரித்தான் இருந்தது. இப்போது விடியப்புறத்தில் எழும்பி இருந்து இருமுகிறான். மாமி அதை நிற்பாட்டச் சொல்லி ஏசுகிறா, தங்கச்சி போனில் இன்னும் கூட்டிப் போடச் சொல்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
கொக்குவிலிலிருந்து ஓர் அம்மா

பதில்: மாமி சொல்வதைக் கேளுங்கள். இன்றிரவே நிற்பாட்டுங்கள், யன்னலையும் திறவுங்கள்.

தங்கச்சியில் கோபிக்க வேண்டாம், அவ சொன்னது அவ இருக்கும் ஊருக்குச் சரி. அங்கே மாரியில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு குளிர்ந்த காற்றில் தண்ணீர் அதிகம் நிற்காது, ஒரு கனமீற்றர் காற்றில் இரண்டு கிராம் இருந்தாலே பெரிய விசயம். அந்தக் காற்றை வீட்டுக்குள் எடுத்து ஹீற்றர் போட்டு 22 பாகைக்குச் சூடாக்கினால், தண்ணீர் அதே இரண்டு கிராம்தான், ஆனால் சூடான காற்று பிடிக்கக்கூடிய அளவோ பத்தொன்பது கிராம். அதாவது ஈரப்பதன் பத்து வீதத்துக்கு வந்துவிடும். மூக்கு காய்ந்து இரத்தம் வரும், உதடு வெடிக்கும், தொண்டை வறண்டு இருமல் வரும். அந்த வீட்டில் கொஞ்சம் ஈரம் சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது. அங்கேயும் கூட வீட்டின் ஈரப்பதனை முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வைத்திருங்கள், அதற்கு மேலே ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்வார்கள்.

இனிக் கொக்குவிலுக்கு வருவோம். மூன்று பக்கமும் கடல், நாலாம் பக்கம் கடல்நீரேரி. மழை குறைந்த பிரதேசம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து எங்கள் காற்றும் காய்ந்த காற்று என்று பலர் நினைக்கிறார்கள், மழை வேறு காற்றின் ஈரம் வேறு. இங்கே காலையில் ஈரப்பதன் எண்பதைத் தாண்டும். மத்தியான வெயிலில் குறைந்தாலும் ஐம்பதுக்குக் கீழே போவது அரிது. 30 பாகைச் சூட்டில் எழுபத்தைந்து வீதம் என்றால் ஒரு கனமீற்றரில் கிட்டத்தட்ட 23 கிராம் தண்ணீர், தங்கச்சி வீட்டுக் காற்றைப் போல பத்து மடங்குக்கு மேல். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று கணக்குப் பார்த்தால் மெசினைப் போட முதலே உங்கள் அறைக் காற்றில் அறுநூறு மில்லிலீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. இன்னும் ஒரு கால் லீற்றர் சேர்ந்தாலே காற்று நிரம்பிவிடும். சாதாரண மெசின் ஒன்று அவ்வளவையும் ஒரு மணித்தியாலத்திலேயே ஊதிவிடும். மிச்ச இரவு முழுக்க அது ஊதுகிற தண்ணீர் எங்கே போகும்? மெத்தைக்கும், தலையணிக்கும், யன்னல் சேலைக்கும், சுவருக்கும்தான்.

அங்கேதான் விடியப்புறத்து இருமலுக்கான விடை இருக்கலாம். மெத்தைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத தூசிப்பேன் என்றொரு சீவன், எங்கள் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்கிறது. அதற்கு வாயால் தண்ணீர் குடிக்கத் தேவையில்லை, காற்றில் உள்ள ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சும். ஈரப்பதன் தொடர்ந்து ஐம்பதுக்குக் கீழே நின்றால் காய்ந்து சாகும், எழுபது எண்பது என்றால் அதுக்கு நல்லூர்த் திருவிழாதான். அதன் எச்சம்தான் முட்டுள்ள பிள்ளைகள் கனபேருக்கு ஒத்துக்கொள்ளாதது. ஈரம் அறுபதைத் தாண்டி நின்றால் பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும், அதன் வித்துகள் காற்றில் பறந்து இன்னொரு பக்கத்தால் வேலையைக் காட்டும். இதைவிட, சூடும் ஈரமும் சேர்ந்த புழுக்கக் காற்றே சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ஆகவே பூட்டிய அறையில் மெசினை இரவிரவாகப் போடுவது, வருத்தத்தைக் கிளப்புகிற சாமான்களுக்குச் சாப்பாடு போட்டு வளர்க்கிற வேலை.

முதல் நாட்களில் நல்லாயிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முட்டு ஏறி இறங்கி வருகிற வருத்தம், இறங்குகிற நாளில் எதைத் தொடங்கினாலும் அதுதான் சுகமாக்கினது என்று தோன்றும். தடிமன் நேரத்தில் ஈரக்காற்று மூக்குக்கும் தொண்டைக்கும் இதமாக இருப்பதும் உண்மை. ஆனால் முட்டு இருப்பது அதற்குக் கீழே, நெஞ்சுக்குள் இருக்கிற சின்னக் குழாய்களில். அங்கே சுவர் வீங்கி, தசை இறுகி, சளி அடைக்கிறது. தண்ணீர்ப் புகாரால் அந்த வீக்கம் வற்றாது.

மகன் விடியப்புறத்தில் எழும்பி இருமுகிறான் என்ற அந்த வரிதான் எனக்கு மெசினை விடப் பெரிய கவலை. இரவில் நித்திரை குழம்புகிறது என்றால் வருத்தம் கட்டுக்குள் இல்லை. தினமும் போட வேண்டிய தடுப்புப் பம்ப் (மூச்சோடு மருந்தை இழுக்கிற இன்ஹேலர்) அவனுக்குத் தந்திருக்கிறார்களா, தந்திருந்தால் முட்டில்லாத நாளிலும் போடுகிறானா, போடும் முறை சரியா, இந்த மூன்றையும் கிளினிக்கில் கேட்டுச் சரிபாருங்கள். மெசினைத் தேடின அளவுக்கு இதைத் தேடுகிற பெற்றோர் குறைவு.

இன்னொன்று, கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், எங்களுக்கு 230. அடியில் ஒட்டியிருக்கும் லேபலில் 100 முதல் 240 என்று போட்டிருந்தால் சரி. வெறும் 120 என்று இருந்தால் பிளக்கை மாற்றிக் குத்திப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம், பிள்ளை படுக்கிற அறையில் அது பற்றி எரிந்தால் என்ன கதி.

கேள்வி: மெசின் போட்ட அறையில் மேசை, கண்ணாடி, டிவி எல்லாம் மா தூவின மாதிரி வெள்ளையாக இருக்கிறது. இது என்ன?
சுன்னாகம் வாசகர்

பதில்: உங்கள் கிணறுதான்! எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல், அதற்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டுதான் வரும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சாமான். இப்போது கடைகளில் கிடைக்கும் மெசின்களில் அனேகம் தண்ணீரைச் சூடாக்குவதில்லை, விநாடிக்குப் பத்து இலட்சம் தடவைக்கு மேல் அதிரும் ஒரு தட்டால் தண்ணீரைச் சின்னத் துளிகளாக உடைத்து வீசுகின்றன. துளி காய்ந்துவிடும், அதற்குள் கரைந்திருந்த சுண்ணமும் உப்பும் நுண்ணிய தூளாகக் காற்றில் நிற்கும். மேசையில் படிந்ததைத்தான் நீங்கள் பார்த்தீர்கள், படியாமல் மிதந்ததை மூச்சோடு இழுத்திருப்பீர்கள். முட்டுள்ள ஆளுக்கு அது தேவையே இல்லாத உபத்திரவம்.

கட்டாயம் போடத்தான் வேண்டும் என்றால் ஆவியாக்கி வடித்த நீர் வேண்டும். வடிகட்டி உப்பைக் குறைத்த ஆர்.ஓ. தண்ணீர் கிணற்றுத் தண்ணீரை விட எவ்வளவோ மேல். காய்ச்சி ஆறின தண்ணீரில் கிருமி சாகும், கரைந்த உப்புகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஒருவர் பற்றரிக்கு விடுகிற தண்ணீரைப் பாவிக்கலாமா என்றும் கேட்டிருந்தார். வேண்டாம், கடையில் அதே தட்டில் அசிட் போத்தலும் இருக்கும், மாறி எடுத்துவிட்டால் கதை கந்தல்.

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவி. திருநெல்வேலியில் ஏசி போட்ட அறையில் இருக்கிறேன். காலையில் எழும்பும்போது தொண்டை வறண்டு போயிருக்கிறது, சில நாளில் நெஞ்சும் இறுகுகிறது. எனக்காவது ஹியூமிடிஃபையர் உதவுமா?

பதில்: நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி தங்கச்சி, ஏனென்றால் ஏசி காற்றிலிருந்து தண்ணீரை எடுக்கத்தான் செய்யும். வெளியே குழாயால் சொட்டுச் சொட்டாக விழுகிறதே, அது உங்கள் அறைக் காற்றில் இருந்த ஈரம். ஆனால் ஏசி அறையில் கூட இங்கே ஐம்பது அறுபதுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் வழக்கம், அது முட்டுக்காரருக்கு நல்ல அளவு அல்லது கொஞ்சம் கூட. அப்படிக் குறைத்து வைத்ததை இன்னொரு மெசின் போட்டு ஏற்றுவது, ஒரு பக்கத்தால் இறைத்து மறுபக்கத்தால் விடுகிற கதை, கரண்ட் பில் இரண்டுக்கும் வரும்.

அனுமானத்தில் கதைக்காமல் அளந்து பாருங்கள். ஈரப்பதனும் வெப்பநிலையும் காட்டுகிற சின்ன டிஜிற்றல் மீற்றர் ஒன்று ஹியூமிடிஃபையரை விட மலிவு, என்னைக் கேட்டால் முட்டுள்ள வீடு வாங்க வேண்டிய மெசின் அதுதான். மலிவானது பொய் சொல்லுமே என்று நினைத்தால் அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு போத்தல் மூடியில் தூள் உப்பை இட்டு, கரைந்து போகாத அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரிக் குழைத்து, மீற்றரோடு சேர்த்துக் காற்றுப் போகாத பையில் போட்டு ஓர் இரவு வையுங்கள். நனைந்த உப்புக்கு மேலே நிற்கும் காற்றின் ஈரப்பதன் எப்போதும் 75 வீதம்தான், சூடு கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் அது மாறாது. மீற்றர் 75 காட்டினால் சரி. 70 காட்டினால் ஐந்தைக் கூட்டி வாசியுங்கள், அவ்வளவுதான்.

மீற்றர் இல்லாத வீட்டிலும் இதே உப்பு சாட்சி சொல்லும். குசினியில் திறந்து வைத்த தூள் உப்பு தானாகக் கசிந்து ஈரமாகிறதென்றால் அந்த அறையின் ஈரப்பதன் 75ஐப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆனையிறவுக் கல்லுப்பு மாதிரிச் சுத்திகரிக்காத உப்பில் வேறு உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முந்தியே கசியும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒக்டோபரிலிருந்து தை மாதம் வரை உப்பு கசியாத குசினி யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா என்று யாராவது எழுதுங்கள், எனக்கும் ஆசைதான்.

உங்கள் தொண்டை விசயத்துக்கு வருகிறேன். ஏசியை எத்தனையில் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பதினெட்டில் போட்டு, காற்று நேரே முகத்துக்கு அடிக்கிற மாதிரிப் படுத்தால் ஈரம் எவ்வளவு இருந்தாலும் தொண்டை வறளும், குளிர்ந்த காற்று தானாகவே சிலருக்கு நெஞ்சை இறுக்கும். 26க்கு ஏற்றுங்கள், காற்று விழும் திசையை மாற்றுங்கள். முன்மூடியைத் திறந்து வலையைக் கழற்றிக் கழுவுங்கள், இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது. வாடகை அறை ஏசிகளில் அந்த வலை எந்த நிறத்தில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மூக்கடைப்பால் வாயால் மூச்சு விட்டுப் படுக்கிறவர்களுக்கும் தொண்டை வறளும், அப்படியென்றால் மருந்து மூக்குக்குத்தான் தேவை. நெஞ்சு இறுகுவதை மட்டும் ஏசியில் பழியைப் போட்டு விட்டுவிடாதீர்கள், ஒருமுறை போய்க் காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் சின்ன வயதில் யூக்கலிப்ரஸ் இலை போட்டு ஆவி பிடித்துத்தான் வளர்ந்தோம். இந்த மெசினுக்குள் யூக்கலிப்ரஸ் தைலம் நாலு சொட்டு விட்டால் இரட்டைப் பலன் வருமா? மெசின் மணக்கத் தொடங்கினால் கிருமிநாசினி கொஞ்சம் விடலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தயவு செய்து விட வேண்டாம். தென்கொரியாவில் ஹியூமிடிஃபையர் தண்ணீருக்குள் விடுவதற்கென்றே கிருமிநாசினிகள் கடைகளில் விற்றார்கள், சனமும் பிள்ளைகளின் நன்மைக்கென்று நம்பி வருடக்கணக்காகப் பாவித்தது. 2011இல் கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் காரணம் தெரியாமல் சுவாசப்பை பழுதாகி ஆசுப்பத்திரிக்கு வரத் தொடங்கியபோதுதான் அதுவே காரணம் என்று கண்டுபிடித்து விற்பனையை நிறுத்தினார்கள். இறந்தவர்கள் பலர். தோலில் பட்டால் பெரிய கெடுதல் செய்யாத மருந்து, நுண்ணிய துளியாகி நெஞ்சின் அடிவரை போகும்போது வேறு வேலை செய்யும். நிலம் துடைக்கிற மருந்தையோ காயம் கழுவுகிற மருந்தையோ யாரும் மூச்சாக இழுக்கிறதில்லையே.

மணம் வருகிறதென்றால் தொட்டிக்குள் கிருமி வளர்ந்துவிட்டது. பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீர் விடக்கூடாது. தினமும் ஊற்றிவிட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை வினாகிரி விட்டு ஊறவைத்துத் தேய்த்து, பிறகு வினாகிரி மணம் போகும்வரை அலச வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்கிற வீடுகளை நான் அதிகம் காணவில்லை. முதல் மாதம் செய்வார்கள்.

தைலத்துக்கு வருவோம். யூக்கலிப்ரஸ், கற்பூரம், மென்தோல் எல்லாம் மூக்கு திறந்த மாதிரி ஒரு குளிர்ச்சியைத் தரும், ஆனால் முட்டுள்ள சிலருக்கு அந்தக் காரமான மணமே இழுப்பைக் கிளப்பிவிடும். கைக்குழந்தைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். பிளாஸ்ரிக் தொட்டியையும் எண்ணெய் அரித்துவிடும். பூசுகிற தைலங்களும் அப்படித்தான், மணம் பட்டதும் இருமல் கூடினால் அந்த ஆளுக்கு அது கூடாது.

வெறுந்தண்ணீரில் ஆவி பிடிப்பது தடிமனுக்குச் சுகம் தரும், வளர்ந்த ஆட்கள் கவனமாகப் பிடிக்கலாம். முட்டுக்கு அது மருந்தில்லை. பிள்ளைகளைப் போர்வைக்குள் இருத்திக் கொதிதண்ணீர்ச் சட்டியை மடியில் வைப்பதை மட்டும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். சட்டி கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளைகள் ஆசுப்பத்திரிக்கு வருவது உலகம் முழுக்க நடக்கிறது.

கேள்வி: ஆசுப்பத்திரியில் முகத்தில் மாஸ்க் போட்டுப் புகை பிடிக்க விடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே? அப்படியென்றால் வீட்டிலேயே செய்யலாமே?
பருத்தித்துறை

பதில்: ஒன்றில்லை. அது நெபுலைசர், அதற்குள் மூச்சுக்குழாயை விரிக்கிற சல்பியூற்றமோல் போன்ற மருந்து இருக்கிறது. உங்கள் மெசினுக்குள் இருப்பது தண்ணீர். இரண்டிலும் வெள்ளையாகப் புகை வருகிறது என்பதற்காக முட்டு இழுக்கிற பிள்ளையை ஹியூமிடிஃபையருக்கு முன்னால் இருத்தி வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினால் ஆபத்து.

வீட்டில் முட்டு வந்தால் ஆளை நிமிர்ந்து இருக்கவைத்து, இழுப்பைக் குறைக்கிற பம்பை, அனேகமாக நீல நிறத்தில் இருக்கும், ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கிற பிளாஸ்ரிக் குழாய்) பூட்டி ஓர் அடி அடித்து நாலு மூச்சு எடுக்க விடுங்கள், இப்படி நாலு அடி. நாலு நிமிடம் பாருங்கள். குறையவில்லையென்றால் திரும்ப நாலு. அதற்கும் அசையவில்லையென்றால் பக்கத்து வீட்டு ஓட்டோவைத் தேடி ஓடுவதோடு 1990க்கும் போன் அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை பம்பை விட்டுவிட வேண்டாம், அதே மாதிரித் தொடர்ந்து கொடுங்கள். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல மூச்சுக் காணாமல் நிறுத்தி நிறுத்திக் கதைத்தால், விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுபட்டால், உதடு நீலம் பாரித்தால், அல்லது இவ்வளவு நேரமும் கேட்ட இழுப்புச் சத்தம் ஆள் தெளியாமலே திடீரென்று நின்றுவிட்டால், இரண்டாவது சுற்றுவரை காத்திருக்காமல் உடனே அழையுங்கள். சத்தம் நின்றது சுகம் வந்ததாலில்லை, காற்றே போகாததால்.

ஸ்பேசரோடு ஒழுங்காக அடித்த பம்ப், முட்டு மிக மோசமாக இல்லாத வரையில், நெபுலைசர் அளவுக்கே வேலை செய்யும். இதைச் சொன்னால் அனேகமானோர் நம்புவதில்லை, புகை வராத மருந்தில் எங்கள் ஆட்களுக்கு மதிப்புக் குறைவு. பம்ப் பழகினால் விடமுடியாது என்ற கதையும் அப்படித்தான், அதை யார் கிளப்பிவிட்டார்களோ. 2019இலிருந்து உலக ஆஸ்மா வழிகாட்டியான ஜீனாவே, வளர்ந்தவர்களும் பதின்ம வயதினரும் நீலப் பம்பை மட்டும் வைத்துக்கொண்டு வருத்தத்தைச் சமாளிக்க வேண்டாம், வீக்கத்தை வற்றச்செய்யும் மருந்து, அதாவது தடுப்புப் பம்பில் இருக்கும் மருந்து, கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவருகிறது. அந்த மருந்தைப் போட்டதும் வாயைக் கொப்பளியுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு வேலணையில் கடலுக்குக் கிட்ட. சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கினால் அப்பாவுக்கு முட்டும் தொடங்கும். அந்த வறண்ட காற்றுக்காவது அறையில் ஈரத்துணி தொங்கவிடலாமா?

பதில்: சோளகம் உடம்பில் பட்டால் வறட்சியாகத்தான் தெரியும், ஆனால் அது கடலால் வருகிற காற்று தம்பி, ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்க, காற்று மண்ணையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் கொட்டுவதுதான் தொந்தரவு. ஈரத்துணியை யன்னலில் தொங்கவிடுவதை விட, அதே துணியால் நிலத்தைத் துடையுங்கள். விளக்குமாற்றால் கூட்டும்போது அப்பா வெளியே இருக்கட்டும். காற்று பலமாக அடிக்கிற பக்கத்து யன்னலைச் சாத்தி மறுபக்கத்தைத் திறந்துவிடலாம். வாடை தொடங்கி மாரி வந்ததும் கதை மாறும், அப்போது புழுதி அடங்கிப் பூஞ்சணம் தலைதூக்கும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டிவைக்காமல் கொஞ்சம் தள்ளிவையுங்கள், நனைந்த உடுப்பை அப்பா படுக்கும் அறைக்குள் காயப்போடாதீர்கள்.

அப்பா சுருட்டுப் பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவரென்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட அது முதல்.

கேள்வி: சரி, மெசின் வேண்டாம் என்கிறீர்கள். அந்தக் காசுக்கு வேறு என்ன வாங்கலாம்?
நெல்லியடி, இரண்டு பிள்ளைகளின் தாய்

பதில்: நுளம்பு வலை. சிரிக்காதீர்கள். பூட்டிய அறையில் ஒரு நுளம்புச்சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடுகிற நுண்தூசு 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுகிற அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் பார்த்திருக்கிறது. பிள்ளைக்கு முட்டு என்று பயந்து ஈரக்காற்று மெசின் வாங்கி, அதே கட்டிலுக்குக் கீழே சுருளும் கொளுத்தி வைக்கிற வீடுகள் இருக்கின்றன. டெங்குக்கும் பயப்பட வேண்டிய ஊர் இது, ஆகவே வலையைக் கட்டுங்கள், யன்னலுக்கு நெற் அடியுங்கள்.

பிறகு மெத்தை. தூசிப்பேன் புகாத, சிப் வைத்த உறைகள் கிடைத்தால் மெத்தைக்கும் தலையணிக்கும் வாங்குங்கள். அது விலை என்றால் எங்களிடம் இலவசமாக ஒரு சாமான் கொட்டிக் கிடக்கிறது. சித்திரை வெயிலில் மெத்தையை முற்றத்தில் போட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறி மூன்று நான்கு மணித்தியாலம் காயவிட்டால் தூசிப்பேன் குறையும். நன்றாகத் தட்டிவிட்டு உள்ளே எடுங்கள், தட்டுவது முட்டில்லாத ஆளாக இருக்கட்டும். படுக்கை விரிப்பைக் கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள், சுடுதண்ணீர் 60 பாகை அளவில் இருந்தால் தூசிப்பேன் செத்துவிடும். தும்பு மெத்தையானாலும் பஞ்சு மெத்தையானாலும் இது ஒன்றுதான்.

குசினியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. காஸ் விலை ஏறினதிலிருந்து விறகடுப்புக்குத் திரும்பின வீடுகள் நிறைய, அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மட்டையும் பொச்சும் எரிகிற நேரத்தில் பிள்ளையை அடுப்படியில் வைத்துச் சாப்பாடு தீத்த வேண்டாம். புகைபோக்கி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், முடிந்தவர்கள் அடுப்பை வெளியே ஒரு பத்திக்குக் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைச் சுவாமி அறையோடு நிறுத்துங்கள், வீடு முழுக்கக் காட்டத் தேவையில்லை. பின்வளவில் குப்பை கொளுத்துவதும் அப்படியே. அயலவர் கொளுத்தினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள், அதற்கு மருந்து என்னிடம் இல்லை, நல்ல வார்த்தையில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்குப் பம்ப் தந்திருக்கிறார்கள், ஸ்பேசர் இல்லை. வெளியில் வாங்க வசதியில்லை. பம்பை நேரே வாயில் வைத்து அடிக்கும்போது பாதி வெளியே போகிறது. ஏதாவது வழி?
கிளிநொச்சி

பதில்: இருக்கிறது. தென்னாபிரிக்காவில் கேப்ரவுணில் இதைப் பிள்ளைகளிலேயே சோதித்துப் பார்த்து 1999இல் எழுதியிருக்கிறார்கள், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலால் செய்த ஸ்பேசர் கடை ஸ்பேசருக்குக் குறையாமல் வேலை செய்தது. போத்தலைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள், துடைத்தால் பிளாஸ்ரிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் போகிற அளவுக்கு ஒரு துவாரம் வேண்டும். கம்பியைப் பம்பின் வாய் அளவுக்கு வளைத்துச் சூடாக்கி அழுத்தினால் சரியாக வரும், இதைப் பெரியவர்கள் வெளியே காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிளாஸ்ரிக் துணிக்கை எதுவும் உள்ளே நிற்காமல் திரும்ப ஒருமுறை கழுவிக் காயவையுங்கள். இடைவெளி இருந்தால் சுற்றிவர ரேப் ஒட்டலாம். பம்பை நன்றாகக் குலுக்கி அடியில் பூட்டி, போத்தலின் வாயை மகள் உதட்டால் இறுக்கிப் பிடித்தபடி இருக்க, ஓர் அடி அடித்து ஆறுதலாக நாலைந்து மூச்சு. இரண்டாவது அடி தேவையென்றால் பம்பைத் திரும்பக் குலுக்கி அடியுங்கள், இரண்டையும் சேர்த்து ஒரேயடியாக அடிக்க வேண்டாம். உதட்டால் பிடிக்கத் தெரியாத சின்னப் பிள்ளையென்றால் மாஸ்க் வைத்த ஸ்பேசர்தான் வேண்டும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது போத்தலையும் எடுத்துக்கொண்டு போய்த் தாதியிடம் காட்டுங்கள், மகள் இழுக்கும் முறையை அவரே பார்த்துத் திருத்திவிடுவார்.